அபராதம் கட்டினால் ஆறிவிடுமா?

கொரோனா காலத்தில் தலைவர்கள் விதியை மீறியதைப் பற்றி இங்கே வந்த கட்டுரை, மக்கள் சில மாதங்கள் கோபப்பட்டுவிட்டு மறந்துவிடுவார்கள் என்று சொல்கிறது. எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. 2020 ஏப்ரலில் மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் அம்மா இறந்தபோது அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். வந்தால் 14 நாள் தனிமைப்படுத்தல், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து அழுதார். விதி எல்லாருக்கும் பொதுதானே என்று நாங்களும் பொறுத்துக்கொண்டோம். அப்புறம் அதே ஆண்டு ஜூலையில் துருக்கி போய் வந்த அமைச்சர் கைருடின் ரசாலி தனிமைப்படுத்தலில் இருக்கவில்லை, அபராதம் 1,000 ரிங்கிட்தான் என்று செய்தி வந்தபோது அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர், "போரிஸ் ஜான்சனும்தான் அபராதம் கட்டினார், விட்டுத்தள்ளுங்கள்" என்கிறார். சரி, அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஜான்சன், ஊரடங்கில் நடந்த விருந்துக்காகக் கட்டினார். ஆனால் அதற்கு முன்பு, 2021 டிசம்பரில், விதிகள் எல்லாம் பின்பற்றப்பட்டன என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னாரே! அவர் வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023-இல் நாடாளுமன்றக் குழுவே முடிவு செய்தது. 50 பவுண்டு அபராதம் விருந்துக்கு. அந்தப் பொய்க்கு?