அம்மாவின் ஒரே செபக் கருத்து

போன செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செபம் முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தெரிந்தவர் ஒருவர் அம்மாவிடம் வந்து, "இன்னும் விசுவாசமா கேளுங்கக்கா, விசுவாசம் பத்தல, அதான் கிடைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் வீடு வந்து சேரும் வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி குடிக்கிறான். எட்டு வருஷம் ஆகிறது. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) இந்த எட்டு வருஷமும் அம்மாவுக்கு ஒரே செபக் கருத்துதான், அவன் குடியை விட வேண்டும் என்ற வேண்டுதல். அவன் வரும் வரை ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து செபமாலை சொல்வார். அந்தச் செபமாலையில் ஒரு மணி எப்போதோ உடைந்துவிட்டது, அந்த இடத்தில் நூலை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார், விரல் முடிச்சில் பட்டதும் அதற்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் அடுத்த மணிக்குப் போவார். இவருக்கா விசுவாசம் பத்தவில்லை?

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, தனக்கு வரப்போகும் பாடுகளாகிய அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கட்டும் என்று மூன்று முறை கேட்டார். நீங்கவில்லை. பவுல் தன் உடம்பில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார், முள் போகவில்லை, அருள் போதும் என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கும் விசுவாசக் குறைவு என்று சொல்வோமா?

நான் அடிக்கடி நினைப்பது புனித மோனிக்காவை. மகன் அகுஸ்தீன் 19 வயதில் மானிக்கேயர் என்ற வேறொரு சமயக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்தத் தாய் அழுதுகொண்டே செபித்தார். கி.பி. 383ல் அகுஸ்தீன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜை விட்டு ரோமுக்குக் கிளம்புகிறார். போகக் கூடாது என்று தாய் கடற்கரை வரை பின்னாலேயே போகிறார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் இருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு, ராத்திரியே கப்பல் ஏறிவிட்டார். அந்த இரவு முழுக்க மோனிக்கா செபித்தது அவன் போகக் கூடாது என்றுதான். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. கரையில் நின்று கதறினார் என்று அந்த மகனே பின்னால் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கப்பல் போன வழியில்தான் ரோம், அப்புறம் மிலான், அங்கே ஆயர் அம்புரோஸ். 387 ஈஸ்டரில் அம்புரோஸ் கையாலேயே ஞானஸ்நானம். அந்த இரவு கேட்டது கிடைக்கவில்லை, வாழ்நாள் முழுக்கக் கேட்டது கிடைத்தது. ஆனால் கரையில் நின்றபோது அவருக்கு இது எதுவும் தெரியாது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தெரியாமலேதான் தொடர்ந்து செபித்தார். சும்மாவும் இருக்கவில்லை, கடல் தாண்டி மகன் இருந்த ஊருக்கே போனார்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் தம்பிக்குக் குவைத்தில் ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. ஊர் மாறினால் பழக்கமும் மாறும் என்று அம்மா ஒன்பது செவ்வாய் ஒருசந்தி நோன்பு இருந்தார். விசா வரவில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நிறைய பேர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, இன்னும் வரவில்லை. நாங்கள் இன்னும் கரையில்தான் நிற்கிறோம்.

அதனால் காத்திருக்கிறவர்களிடம் காரணம் சொல்லாதீர்கள், தயவுசெய்து. கடவுள் ஏன் தாமதிக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று 13ஆம் சங்கீதத்தில் கடவுளிடமே கேட்கிறது ஒரு குரல். அப்படிக் கேட்பதும் செபம்தான், யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தானே அப்படிக் கேட்க முடியும். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி சேர்ந்து சொல்லுங்கள். அம்மா மறுவாழ்வு மையத்துக்கு இரண்டு முறை அவனைக் கூட்டிப்போனபோது கூட வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அத்தையை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

நேற்று ராத்திரி தம்பி ஒன்பதரைக்கே வந்துவிட்டான். குடித்திருந்தான். உள்ளே போகாமல் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தான். அம்மா முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, இவன் தலையைக் குனிந்தபடியே "புனித மரியே, இறைவனின் தாயே" என்று மறுபாதியைச் சொன்னான். ஒரு பத்து மணி முழுக்கச் சொன்னான். அப்புறம் எழுந்து படுக்கப் போய்விட்டான். "சோறு மூடி வெச்சிருக்கேன்" என்று மட்டும் அம்மா சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த மணியைப் பிடித்தார்.