வீடு அவளுடையது, முடிவு யாருடையது?

"கிழக்கில பொம்பிளையளுக்கு என்ன குறை? வீடு வளவு எல்லாம் அவையின்ட பேரிலதானே." திருகோணமலையில் பெண்ணுரிமை என்று யாராவது வாய் திறந்தால் போதும், உடனே இந்தப் பதில் வந்துவிடும். படித்தவர்களும் சொல்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள்.

உண்மைதான், எங்கள் பக்கம் வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான். தமிழரிலும் சரி முஸ்லிம்களிலும் சரி, கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பதும் புதுமையில்லை. இந்த வழமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடும்பத்தில் பிரச்சினை வந்தால் பெட்டியோடு வெளியே போக வேண்டியது அவளில்லை. கூப்பிடு தூரத்தில் தாயும் சகோதரங்களும் இருப்பார்கள். இது பெரிய பலம்.

ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் பேர் இருக்கிறது என்பதற்காக, அந்த வீட்டைப் பற்றி அவள்தான் முடிவெடுக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

உறவுக்காரப் பெண் ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு நொத்தாரிசிடம் போயிருந்தேன். அவரது சீதன வீட்டை ஈடு வைக்கிறார்கள், காசு புருஷனின் லொறிக்கு. மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை. ஒன்றில் புருஷன், மற்றதில் அவரது தமையன். வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வட்டி எவ்வளவு, எத்தனை வருடத்தில் மீட்பது, கட்டாவிட்டால் என்ன நடக்கும் எல்லாவற்றையும் கதிரையில் இருந்தவர்களுக்குத்தான் விளங்கப்படுத்தினார்கள். பிறகு, "தங்கச்சி, இதில ஒண்டு, அங்கால இதில ஒண்டு." விரல் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று வழக்கம்போல எழுதியிருந்தது. வெளியில் வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, மொத்தம் எவ்வளவுக்கு வச்சிருக்கு?"

ஏ.எல். வரை படித்த பெண். தன் வீட்டின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று சாட்சிக்கு வந்தவளிடம் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நல்லது செய்யவில்லை. 2004 சுனாமிக்கு முன் கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ வீடுகள் பெண்களின் சீதனம். நிவாரண வீடு வந்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கூடு. அந்தக் கூட்டில் புருஷனின் பேரை எழுதினார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, புது வீடு பலருக்குக் கணவர் பேரில் கிடைத்தது. கந்தளாய், அல்லை மாதிரிக் குடியேற்றத் திட்டங்களில், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணியில் இன்னும் மோசம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைக் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால், பிள்ளைகளுக்குள் மகனுக்குத்தான் முதலிடம். மூத்தது மகளாக இருந்தாலும் அப்படித்தான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். வயலில் நாற்று நட்டுக் களை பிடுங்கிய மகள்கள் அதுவரை வரிசையில் பின்னால் நின்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடு கொடுக்கிறோம் என்கிறோமே, உண்மையில் கலியாணத்துக்குத்தான் கொடுக்கிறோம். கலியாணம் முடிக்காத மகளுக்கு யார் உறுதி எழுதுகிறார்கள்? போரால், வறுமையால், அல்லது தன் விருப்பத்தால் தனியாக இருக்கிற எத்தனை அக்காமார் தங்கச்சி வீட்டுக் குசினியில் காலம் கழிக்கிறார்கள்! அந்த வீட்டைக் கட்டுவதற்காகக் கட்டாரிலும் சவூதியிலும் இளமையைத் தொலைக்கிற தம்பிமாரையும் நான் மறக்கவில்லை. தங்கச்சிக்கு மதில் கட்டி முடியும்வரை தன் கலியாணத்தைப் பற்றி அவன் பேசவே கூடாது. இந்த ஏற்பாட்டில் ஆண்பிள்ளைகளுக்கும் நிம்மதி இல்லை. பிறகு எதற்காக இதைக் கட்டிக் காக்கிறோம்?

பிள்ளைகளுக்கு உறுதி எழுதப் போகிற பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அதில் இருந்து அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதுங்கள். தகப்பனுக்கு மட்டும் வைக்காமல் தாய்க்கும் சேர்த்து வையுங்கள். கலியாணப் பேச்சு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், மகளுக்கு எழுத நினைத்தால் எழுதுங்கள்.

இதை வாசிக்கிற அண்ணன், தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவியின் வீட்டின் பேரில் கடன் இருந்தால், அந்தப் பத்திரத்தின் கொப்பி ஒன்றை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு மிச்சம், எப்போது மீட்கலாம் என்று பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். அடுத்த தடவை ஈடு வைக்க வேண்டி வந்தால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.