கம்ப்யூட்டர் செத்தாலும் திரை பிழைக்க வேண்டும்

எடிட்டிங், ஆல்பம் டிசைனிங், கலர் வேலைக்கு, திரையும் கணினியும் ஒரே உடம்பாக வரும் ஆல்-இன்-ஒன் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பிராசஸர் எது, ரேம் எவ்வளவு, விலை என்ன என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. வெளியே இருக்கும் இன்னொரு கணினியின் படத்தை உள்ளே வாங்கிக் காட்ட அதில் வழி இருக்கிறதா? இல்லையென்றால் திரை எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் போர்டு என்றைக்குப் போகிறதோ அன்றைக்கே திரையும் போய்விட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்) ஒன்று பத்து வருஷம் தாராளமாக உழைக்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், மறுபடி கேலிபிரேட் செய்தால், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்தால், தீர்ந்தது. எடிட்டருக்குக் கணினி அப்படி அல்ல. கேமராக்காரர்கள் புதிய கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) ஃபுட்டேஜ் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தால், ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய மெஷின் டைம்லைனில் திணற ஆரம்பித்துவிடும். ஹார்ட் டிஸ்க் அதற்கும் முன்னாலேயே மக்கர் செய்யலாம். இப்படி ஆயுசு வேறுவேறான மூன்று பொருட்களை ஒரே பெட்டிக்குள் வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுவதுதான் ஆல்-இன்-ஒன். இதற்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு மாடலிலும் எடைபோட வேண்டும்.

ஈடு நன்றாகவே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2014 அக்டோபரில் ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்னான 27 இன்ச் ஐமேக் 5கே வந்தது. 5120 × 2880 பிக்சல், ஆரம்ப விலை 2,499 டாலர். அதே சமயத்தில் டெல் அறிவித்த 5கே மானிட்டருக்கு, வெறும் மானிட்டருக்கு, சொன்ன விலையே ஏறத்தாழ 2,500 டாலர். திரையின் விலைக்குத் திரையும் கிடைத்து, கணினியும் கூடவே வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? 4கே ஃபுட்டேஜை ஒரு பிக்சல்கூடச் சுருக்காமல் முழு அளவில் வைத்துவிட்டு, பக்கத்தில் 1,280 பிக்சலும் கீழே 720 பிக்சலும் டைம்லைனுக்கும் ஸ்கோப்புக்கும் (நிற அளவைக் காட்டும் வரைபடம்) மிச்சம். அங்குலத்துக்கு 218 பிக்சல் என்பதால் மேக்ஓஎஸ் சரியாக இரண்டு மடங்கில் ஓடும், எழுத்து கூர்மையாக இருக்கும். 27 இன்ச் 4கே மானிட்டரில் அதே இடவசதி வேண்டுமானால், சிஸ்டம் முதலில் 5120 × 2880 அளவுக்கு வரைந்து பிறகு 3840 × 2160 ஆகச் சுருக்குகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையும் கூடும், எழுத்தும் லேசாகக் குழையும். ஆகவே அன்றைக்கு 27 இன்ச் ஐமேக் வாங்கியவர்கள் வாங்கியது சரிதான். அந்த விலைக்குச் சந்தையில் அன்று மாற்றே இல்லை.

படம் வாங்கும் வழியை ஆப்பிள் எடுத்துவிட்டதும் அந்த மாடலில்தான். அதற்கு முன் 2009 முதல் வந்த 27 இன்ச் ஐமேக்குகளில் டார்கெட் டிஸ்ப்ளே மோட் இருந்தது. கேபிளைச் செருகி, கமாண்ட்-எஃப்2 அழுத்தினால் ஐமேக் மானிட்டராகிவிடும். 5கேயில் ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அன்று நியாயமான காரணம் இருந்தது, கணக்குப் போட்டாலே தெரியும். 5120 × 2880 பிக்சல், நொடிக்கு 60 தடவை, ஒரு பிக்சலுக்கு 24 பிட். பெருக்கினால் நொடிக்கு 21.2 ஜிகாபிட். அன்றைய மானிட்டர் கேபிளான டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் படத்துக்கென்று கிடைப்பது 17.28 ஜிகாபிட்தான். உள்ளே போகாது. அந்த ஐமேக்கில் இருந்த தண்டர்போல்ட் 2 போர்ட்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ஐத்தான் சுமந்தது. ஐமேக்குக்குள் போர்டிலிருந்து பேனலுக்குப் போகிற பாதையை ஆப்பிள் சொந்தமாக டைமிங் கன்ட்ரோலர் (பேனலுக்குப் பிக்சல்களை எடுத்துக் கொடுக்கும் சிப்) செய்து சமாளித்தது. வெளியிலிருந்து அப்படிக் கொண்டுவர வழியில்லை.

என் கோபமெல்லாம் 2017 முதல் வந்தவற்றின் மேல்தான். 2016 கடைசியில் மேக்குகளுக்குத் தண்டர்போல்ட் 3 வந்துவிட்டது, ஒரே கேபிளில் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டங்கள் போகும். எல்ஜி அல்ட்ராஃபைன் 5கே மானிட்டர் அப்படித்தான் ஓடியது, அதை மேக்புக் ப்ரோவுக்கென்று ஆப்பிளே தன் கடையில் விற்றது. 2017, 2019, 2020 ஐமேக்குகளிலும் தண்டர்போல்ட் 3 போர்ட் இருந்தது. ஆனாலும் படம் உள்ளே வராது. 4,999 டாலரில் ஆரம்பித்த ஐமேக் ப்ரோவிலும் வராது. தொழில்நுட்பம் கைகொடுத்த பிறகும் வேண்டாம் என்று விட்டதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இப்போதைய 24 இன்ச் மாடலிலும் இதே கதைதான். ஏர்ப்ளே வழியாக, கேபிள் இல்லாமல் படம் அனுப்பலாமே என்பார்கள். அது சுருக்கி அனுப்புகிற வீடியோ, தாமதமும் உண்டு. கலர் பார்க்க அதை நம்ப முடியாது.

மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஸ்டூடியோ இதைவிட வருத்தம். 28 இன்ச், 4500 × 3000, பேனா வைத்து வரையலாம், கீல் அவ்வளவு மிருதுவாக 20 டிகிரி வரை சாயும். ஓவியர்களுக்கென்றே செய்த பொருள். 2022-ல் வந்த 2+ மாடல் 4,000 டாலருக்கு மேல் விலை, உள்ளே இருந்தது நாலே கோர் கொண்ட லேப்டாப் சிப் ஐ7-11370எச். அந்தச் சிப் பழசானதும் அந்தத் திரையையும் பேனாவையும் வேறு கணினியில் மாட்ட வழியே கிடையாது. அந்த அடிப்பகுதியில் ஒரு வீடியோ இன் போர்ட் வைத்திருந்தால் எத்தனையோ பேர் இன்றும் அதில் வரைந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது சூடு. 2012-லிருந்து வந்த 27 இன்ச் ஐமேக்கின் ஓரம் 5 மில்லிமீட்டர். நடுவில் வயிறு கொஞ்சம் புடைத்திருக்கும், அங்கேதான் எல்லாம். 27 இன்ச் மாடலில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து ஒரே ஃபேன். காற்று கீழ் ஓரத் துளைகள் வழியே நுழைந்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வாய் வழியே வெளியேறும். போட்டோஷாப் மாதிரி பிராசஸரிடம் அவ்வப்போது மட்டும் வேலை வாங்கும் மென்பொருளில் இது தெரியாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு மணி நேரப் படத்துக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் இருக்கும் புள்ளிகளை நீக்குவது) போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தால் பிராசஸர், கிராபிக்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் கொதிக்கும், இரண்டின் சூடும் ஒரே ஃபேனிடம் வரும். 2019 மாடலில் ஐ9-9900கே போட்டார்கள். காகிதத்தில் 95 வாட், டர்போவில் அதைத் தாண்டி இழுக்கும். டவர் கேஸில் அதே சிப் எட்டுகிற வேகத்தை இந்த ஒல்லி உடம்பில் நீண்ட நேரம் தக்கவைக்க முடியாது. ஆப்பிள் கொடுத்திருக்கும் வெப்ப வரம்பு 10 முதல் 35 டிகிரி. வேலூரிலும் மதுரையிலும் மே மாதம் ஏசி இல்லாத அறை அந்த வரம்பை மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே தாண்டியிருக்கும்.

இதற்கு ஐமேக் ப்ரோவில் சரியான தீர்வு கண்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஃபேன், பெரிய ஹீட்சிங்க். சூட்டைத் தாங்கும் திறன் 80 சதவீதம் வரை கூடியது என்று ஆப்பிளே சொன்னது. 18 கோர் ஜியான் வரை போட முடிந்தது, சத்தமும் குறைவு. விலையாகக் கொடுத்தது எது தெரியுமா? ரேம் கதவு. சாதாரண 27 இன்ச் ஐமேக்கில் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழிக்குள் இருக்கும் பட்டனை அழுத்தினால் பின்னால் ஒரு மூடி திறக்கும். இரண்டு லீவரை வெளியே இழுத்தால் நாலு ஸ்லாட்டும் கைக்கு வரும். ஐந்து நிமிஷ வேலை. 2020 மாடலில் 128 ஜிபி வரை நாமே போடலாம், ஆப்பிள் கேட்ட விலையில் பாதிகூட ஆகாது. ஐமேக் ப்ரோவிலும் நாலு ஸ்லாட் உண்டு. ஆனால் திரையைக் கழற்றி, மதர்போர்டையும் வெளியே எடுத்தால்தான் அதைத் தொட முடியும். அதிக விலை கொடுத்தவருக்குக் குறைந்த வசதி.

திரையைக் கழற்றுவது எவ்வளவு பாடு என்று சொல்கிறேன். 2012-க்குப் பிந்தைய மாடல்களில் கண்ணாடியும் எல்சிடியும் ஒன்றாக ஒட்டியது, அது பாடியோடு நுரைப்பசை நாடாவால் ஒட்டியிருக்கும். சின்னச் சக்கரம் வைத்த கருவியைக் கீழ் இடது ஓரத்தில் நுழைத்து, மேலே ஏறி, உச்சியைச் சுற்றி, மறுபக்கம் இறக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் அட்டையால் மிச்சப் பசையை அறுக்க வேண்டும். அட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பேனலில் படும், உச்சியின் நடுவில் கேமராவில் படும். மூலையில் நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். திரையைச் சட்டென்று தூக்கக் கூடாது, பின்னால் இரண்டு கேபிள் குட்டையாக இருக்கும். 27 இன்ச்சில் பவர் சப்ளை போர்டு மூடியில்லாமல் திறந்தபடி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, அதற்கப்புறமும் அந்தப் போர்டில் கை படாமல் வேலை பார்க்க வேண்டும், கெபாசிட்டர் தூக்கிப் போட்டுவிடும். முடிந்ததும் புது நாடா ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை ஆன் செய்து பார்க்காதவர்கள் இரண்டாம் முறை நாடா வாங்குவார்கள். வெறும் தூசி தட்டவும், தெர்மல் பேஸ்ட் மாற்றவும் இவ்வளவு பாடு.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 2012-லேயே எச்பி இசட்1 என்று ஒரு 27 இன்ச் ஆல்-இன்-ஒன் ஒர்க்ஸ்டேஷன் செய்தது. திரையைப் படுக்கவைத்து, ஒரு தாழைத் தள்ளினால் கார் பானட் மாதிரி முன்பக்கம் மேலே எழும், அதுவாகவே நிற்கும். ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். ஹார்ட் டிஸ்க், ரேம், ஃபேன், கிராபிக்ஸ் கார்டு, 400 வாட் பவர் சப்ளை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். எடை 20 கிலோவுக்கு மேல், தடிமனும் அதிகம். மேஜையில் ஒருமுறை வைத்தால் நகர்த்தப் போவதில்லை, எடையால் தொழில்காரருக்கு என்ன நஷ்டம்? என் பார்வையில் இந்த வகையில் இதுவரை வந்ததில் யோசித்துச் செய்த பொருள் அதுதான். கடைசியில் எச்பி இசட்1 என்ற பெயரை டவருக்கே மாற்றிவிட்டது.

24 இன்ச் ஐமேக்கில் ஒரு விஷயத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். தடிமன் 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால் பவர் சப்ளையை வெளியே அடாப்டராக்கினார்கள், ஈதர்நெட் போர்ட்டையும் அதிலேயே வைத்தார்கள். அழகுக்காகச் செய்ததுதான், ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் முதலில் அடி வாங்கும் பாகத்தைத் திரையைக் கழற்றாமலே மாற்ற முடிகிறது. மற்றபடி ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரை. எம்4 மாடலிலும் 32 ஜிபிக்கு மேல் இல்லை. உயரத்தை மாற்ற முடியாத ஸ்டாண்டா, சுவரில் மாட்டும் வேசா மாடலா என்பதையும் வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே பழைய 5கே ஐமேக் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஃப்யூஷன் டிரைவ் மாடல் என்றால் அதன் ஹார்ட் டிஸ்க்கை நம்பி வேலையை வைக்காதீர்கள். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே வால்யூமாகக் கட்டப்பட்டவை, ஒன்று போனால் மொத்தமும் போகும். திரையைக் கழற்றவே வேண்டாம். 2017, 2019 மாடல்களில் 10 ஜிகாபிட் யுஎஸ்பி-சி எஸ்எஸ்டி ஒன்றை வெளியே செருகி, அதில் மேக்ஓஎஸ் நிறுவி அதிலிருந்தே பூட் செய்யுங்கள், வேகம் நொடிக்கு 900 எம்பி அளவில் கிடைக்கும். 2020 மாடலில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருப்பதால், ரிக்கவரிக்குள் போய் ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யுடிலிட்டியில் வெளி டிஸ்க்கில் பூட் ஆக அனுமதி கொடுத்தால்தான் இது நடக்கும். யூபிஎஸ் விஷயத்தில் 600 விஏ போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். முழு லோடில் 27 இன்ச் மெஷின் 300 வாட்டை நெருங்கும். 1 கேவிஏ, ப்யூர் சைன் வேவ் எடுங்கள். கீழ் ஓரத் துளைகளை மறைத்துப் புத்தகமோ ஹார்ட் டிஸ்க்கோ வைக்காதீர்கள்.

போர்டு செத்துப்போன 5கே ஐமேக்கைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். சீனாவிலிருந்து வரும் டிரைவர் போர்டுகளைப் போட்டு அதை மானிட்டராக மாற்றலாம். பேனலின் பின்னால் எல்எம்270க்யூக்யூ1 என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும், அதன் கடைசி எழுத்துகள் மாடலுக்கு மாடல் மாறும். அந்த எழுத்துவரை பொருந்தும் போர்டைத்தான் வாங்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் படத்துக்கு 25.92 ஜிகாபிட் கிடைக்கிறது, எனவே 8 பிட்டில் 5கே, 60 ஹெர்ட்ஸ் ஒரே கேபிளில் போகும். 10 பிட் கேட்டால் 26.5 ஆகிவிடும், போர்டும் கணினியும் டிஎஸ்சி கம்ப்ரஷன் (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) தெரிந்தவையா என்று விசாரியுங்கள். கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் தனி ஏற்பாடு வேண்டும். தொழிற்சாலையில் செய்த கேலிபிரேஷனும் போய்விடும், கலரிமீட்டர் (நிறம் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் கஸ்டமர் வேலையைத் தொடக் கூடாது.

இன்று புதிதாக வாங்குவதென்றால், 2014-ல் இருந்த அந்த ஒரே காரணம் இப்போது இல்லை. 2022 மார்ச்சில் ஆப்பிளே 27 இன்ச் ஐமேக்கை நிறுத்திவிட்டு மேக் ஸ்டூடியோவையும் 1,599 டாலருக்கு ஸ்டூடியோ டிஸ்ப்ளேயையும் தனித்தனியாகக் கொண்டுவந்தது. அசூஸ் ப்ரோஆர்ட், சாம்சங் வியூஃபினிட்டி என்று 27 இன்ச் 5கே மானிட்டர்கள் அதைவிடக் குறைந்த விலையிலும் வந்துவிட்டன. 12.7 சென்டிமீட்டர் சதுரத்தில் மேக் மினி இருக்கிறது, அதை மானிட்டருக்கு அடியில் வைத்தால் மேஜையில் இடமும் பெரிதாகப் போகாது. விண்டோஸ்காரர்கள் லெனோவோ டைனி-இன்-ஒன்னைப் பாருங்கள். மானிட்டரின் முதுகில் சின்னக் கணினியைச் செருகி எடுக்கலாம், ஆல்-இன்-ஒன் போலவே ஒரே பவர் கேபிள். கனமான எடிட்டிங் அதில் ஓடாது, அக்கவுன்ட்ஸுக்கும் பில்லிங்குக்கும் தாராளம். ரிசப்ஷன் மேஜைக்கும் வகுப்பறைக்கும் 24 இன்ச் ஐமேக் வாங்குங்கள், தவறே இல்லை. ஒரு நாள் மெஷின் படுத்தால் ஒரு நாள் வருமானம் போகும் என்கிறவர்கள் மானிட்டரையும் கணினியையும் தனித்தனி பில்லில் வாங்குங்கள். கணினி சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், யாருடைய லேப்டாப்பையாவது அந்தத் திரையில் மாட்டி அன்றைய டெலிவரியை முடித்துக் கொடுத்துவிடலாம்.