தட்டம்மை ஊசி: பொடி சரி, கரைக்கிற நீர் எங்கிருந்து வந்தது?

ஒரு நாட்டில் தடுப்பூசி போட்டவர்கள் குறைவு என்றாலே "வாட்ஸ்அப் வதந்தி, விழிப்புணர்வு இல்லாத ஜனம்" என்று முடித்துவிடுகிறோம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் நடந்ததைப் படித்தால் பெற்றோர் தலையில் அவ்வளவு சுலபமாகப் பழி போட முடியாது.

2018 ஜூலை. அங்கே சவாய் தீவில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஊசி மருந்தில் குறை இல்லை. பொடியாக வரும் அந்த மருந்தைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கிற காலாவதியான மருந்து கலக்கப்பட்டிருந்தது. சிரியாவின் இட்லிப் பகுதியில் 2014லேயே இதே தவறு 15 குழந்தைகளைக் கொன்றிருந்தது.

சமோவா அரசு ஊசித் திட்டத்தைப் பல மாதம் நிறுத்தி வைத்தது. முதல் தவணை போட்ட குழந்தைகளின் விகிதம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது; அந்த ஆண்டு 31% என்று மதிப்பிடப்பட்டது. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் 5 வயதுக்குள். அதே மாதங்களில் டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது, ஒருவரும் சாகவில்லை. அங்கே 90 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டிருந்தார்கள்.

சமோவாவில் அந்தச் சாவுகளுக்காக இரண்டு நர்ஸ்களுக்கு 5 வருடம் சிறை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தசையைத் தளர்த்தும் அட்ராகுரியம் மாதிரியான மருந்துகளும் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டியவைதான். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபிரிட்ஜ் என்றால் குட்டிக் குட்டி பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். தடுப்பூசி ஃபிரிட்ஜில் தடுப்பூசியும் அதன் டைலூயன்ட்டும் (கரைக்கிற நீர்) தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இன்சுலின்கூட.

நம்மூர் எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசியையே எடுத்துக்கொள்வோம். பொடியும் டைலூயன்ட்டும் ஒரே கம்பெனியுடையதாக, எண்ணிக்கை சமமாக வர வேண்டும். டைலூயன்ட்டை 24 மணி நேரம் முன்பே ஐஎல்ஆரில் (தடுப்பூசிக்கான ஃபிரிட்ஜ்) வைத்துவிட வேண்டும்; வெதுவெதுப்பான நீர் பட்டால் உயிருள்ள வைரஸ் செத்துவிடும். லேபிளைப் படித்த பிறகுதான் உடைக்க வேண்டும். 5 டோஸ் வயலுக்கு (மருந்துக் குப்பி) 2.5 மில்லி டைலூயன்ட், கரைக்க வயலுக்கு ஒரு புது சிரிஞ்ச். குழந்தைக்கு 0.5 மில்லி, ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த முடியாத ஏடி சிரிஞ்சில், வலது மேற்கையில் தோலுக்கடியில். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியே விட்டுவைக்கக் கூடாது. கரைத்த நேரத்தை வயலிலேயே எழுத வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால், பாதி மிச்சமிருந்தாலும் யாருக்கும் போடாமல் ஒதுக்கிவிட வேண்டியதுதான். இதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்தால் நச்சு சேர்ந்து சில மணி நேரத்தில் குழந்தையைக் கொன்றுவிடும். தெற்கு சூடானில் 2017ல் 15 குழந்தைகள் போனது அப்படித்தான்: கலக்குவதற்கு ஒரே சிரிஞ்ச், பல நாள், குளிர்வசதியும் இல்லை.

இதெல்லாம் களத்தில் தெரியாத விஷயமில்லை. இரண்டே குழந்தைகளுக்காக வயலை உடைத்தால் "வேஸ்டேஜ் ஏன் இவ்வளவு?" என்று ரிவியூ மீட்டிங்கில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மிச்சம் அடுத்த தெருவுக்குப் போகிறது.

2008ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்ததும், கிராமத்துக்கே வந்து போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டில் எல்லா அடிப்படை ஊசியும் பெற்ற குழந்தைகள் 2005-06ல் 80.9%, 2015-16ல் 69.7%. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டிய தாய்க்கு அந்தத் தூரம் சின்ன விஷயமில்லை.

ஊசி போடப் போனால், வயலில் நேரம் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.