பிலிமை ஸ்கேன் செய்வதென்றால் எக்ஸ்போஷர் குறைந்தாலும் சரியாகிவிடுமா?

“கருப்பு-வெள்ளை பிலிமை ஸ்கேன் செய்யத்தானே போகிறோம், எக்ஸ்போஷர் (பிலிமில் படும் ஒளியின் அளவு) குறைந்தாலும் மென்பொருளில் நிழலை மீட்டுவிடலாம்” என்று பரவும் கருத்து தவறு. நிழல் பகுதியில் போதிய ஒளி படாவிட்டால் அங்கே வெள்ளி உருவாகாது. நெகட்டிவ் வெறும் கண்ணாடிபோல் இருக்கும். ஸ்கேனர் அங்கிருந்து எதை எடுக்கும்? டெவலப்பரில் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) கூடுதல் நேரம் வைத்தாலும் பெரும்பாலும் வெளிச்சப் பகுதிகளே அடர்த்தியாகும். அந்த அடர்த்தியை ஊடுருவ ஸ்கேனர் திணறும். வானத்தில் இரைச்சல் புள்ளிகள் தெரியும், கிரெய்னும் (படத்தில் தெரியும் மணிமணியான துகள்கள்) தடிக்கும்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 400 பிலிமை கேமராவில் 200 அல்லது 250 என வைத்து, கூடுதல் ஒளி படும்படி எடுங்கள். டெவலப் நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள். டி-76 டெவலப்பர், தண்ணீருடன் 1:1 கலவை, 20 டிகிரி செல்சியஸ், வழக்கமான நேரம் 10 நிமிடம் என்றால் எட்டரை முதல் 9 நிமிடம் போதும். 5 நிமிடத்துக்குக் கீழே போகாதீர்கள், டெவலப் திட்டுத்திட்டாகிவிடும். நெகட்டிவ் சற்றுச் சப்பையாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். கான்ட்ராஸ்ட்டைக் கூட்ட மென்பொருளால் முடியும்.