எபிக்டெட்டஸின் ‘கையேடு’ குறித்து ஒரு திருத்தம்

பண்டைய ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸ் தம் கையால் எழுதிய ‘கையேடு’ கடவுளைப் பற்றியே பேசாத நூல் என்றும், இன்றைய எளிய பதிப்புகள் அதை அப்படியே தருகின்றன என்றும் கூறப்படுவது சரியன்று. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. பாடம் கேட்ட மாணவர் அரியன் எழுதிய ‘உரைக’ளின் நான்கு நூல்களே இன்று முழுமையாக எஞ்சியுள்ளன, ‘கையேடு’ அரியனே தொகுத்த சுருக்கம்.

அந்நூலில் கடவுள் பேசப்படவில்லை என்பது இதைவிடப் பெரிய பிழை. ‘கையேட்டின்’ 31ஆம் பகுதி தெய்வங்களிடம் கொள்ளவேண்டிய பக்தியைப் பற்றியது. இறுதியான 53ஆம் பகுதி, தன்னை வழிநடத்துமாறு கிரேக்கரின் தலைமைக் கடவுள் சியூஸையும் ஊழையும் வேண்டும், முந்தைய ஸ்டோயிக் தத்துவஞானி கிளியாந்தஸின் பாடலோடு தொடங்குகிறது. ‘உரைகள்’ முதல் நூலின் 16ஆம் பகுதியிலோ, பகுத்தறிவுள்ளவராகப் பிறந்த தமக்கு இறைவனைப் பாடுவதே வேலை என்கிறார் எபிக்டெட்டஸ். நம் வசத்தில் இல்லாதவற்றை ஏற்கச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற அறிவுரை, உலகை நடத்தும் இறையறிவின்மீது கொண்ட நம்பிக்கையில் நிற்பதால், தெய்வத்தை நீக்கிய பதிப்பு அறிவுரையை வைத்துக்கொண்டு அதற்கான காரணத்தை வெட்டிவிடுகிறது (வாசகருக்கு அது தெரிவிக்கப்படுவதும் அரிது). 1758இல் எபிக்டெட்டஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எலிசபெத் கார்ட்டர், தம் கிறித்தவ நம்பிக்கையோடு ஒவ்வாத இடங்களை நீக்காமல் மொழிபெயர்ப்பில் அப்படியே வைத்து, மறுப்பைத் தம் குறிப்புகளில் எழுதினார். நேர்மையான முறை அதுவே.