சன்பேர்ட் ராக்கெட்டும் 'வெற்றிடத்தில் சுலபம்' என்ற கதையும்

பல்சர் ஃபியூஷன் கம்பெனியின் சன்பேர்ட் வீடியோவை ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் இருக்கும் ஸ்டார்ட்அப் அது. அணுக்கரு இணைவில், அதாவது லேசான அணுக்கருக்கள் ஒன்று சேரும்போது வரும் ஆற்றலில் ஓடும் ராக்கெட், செவ்வாய்க்குப் போகும் காலம் பாதியாகக் குறையும் என்று 2025-இல் அறிவித்தார்கள்.

அடிப்படை யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஹீலியம்-3-உம் (லேசான ஹீலியம்) இணைந்தால் மின்னூட்டமுள்ள துகள்கள் பிறக்கும். காந்தப்புலத்தால் அவற்றைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டால் அதுவே உந்துவிசை. நீராவி, டர்பைன் என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை. நியாயமான வாதம்.

ஆனால், "விண்வெளியே வெற்றிடம், அதனால் இணைவுக்கு அதுதான் ஏற்ற இடம்" என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெற்றிடம் உண்டாக்குவது என்றைக்கு இங்கே சிக்கலாக இருந்தது? பம்பு போட்டால் வேலை முடிந்தது. கோடிக்கணக்கான டிகிரியில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டமேறிய கொதிக்கும் வாயுவை, பிடித்து வைத்து, போட்டதைவிட அதிகமாக எடுப்பதுதான் பாடு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் என்ஐஎஃப் என்ற லேசர் இணைவு ஆய்வுக்கூடம் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தது. உலகமே கைதட்டியது. அந்த லேசரை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போனது!

அப்புறம் வெப்பம். பிளாஸ்கில் காபி ஆறாமல் இருப்பதே நடுவில் வெற்றிடம் இருப்பதால்தானே? விண்வெளியில் எஞ்சினும் அப்படித்தான், சூட்டைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். நூறு கிலோவாட் அளவில் மின்சாரம் புழங்கும் சர்வதேச விண்வெளி நிலையமே பெரிய பெரிய ரேடியேட்டர் பலகைகளை விரித்துக்கொண்டு சுற்றுகிறது. மெகாவாட் கணக்கில் போனால்? இதை யாரும் கேட்பதில்லை.

ஹீலியம்-3-உம் பூமியில் அரிது. பெரும்பாலும் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைவதிலிருந்துதான் கொஞ்சம் கிடைக்கிறது. 1970-களில் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 'டெடலஸ்' என்ற இணைவு விண்கலத்தைக் காகிதத்தில் வடிவமைத்தபோது, வியாழனின் வளிமண்டலத்திலிருந்து அதை எடுக்கலாம் என்று எழுதினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள், எரிபொருள் எங்கே என்பதை மறைக்கவில்லை.

அதே பல்சர் கம்பெனி செயற்கைக்கோள்களுக்கான ஹால் எஃபெக்ட் திரஸ்டர்கள் என்ற சிறு உந்து எஞ்சின்களும் செய்கிறது. மின்சாரத்தில் ஓடும், மெல்லத் தள்ளும், வீடியோவில் எடுபடாத சாமான். என்னிடம் பணம் இருந்தால் அதில்தான் போடுவேன்.

2027-இல் சுற்றுப்பாதையில் செய்துகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி, செய்யட்டும். அன்றைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேலே போனது இணைவு நடக்கும் எஞ்சினா, இல்லை அதன் உதிரி பாகமா?